மாடு நடக்கிற வழியில் ஒரு தராசு

மாட்டுத் தராசு கேட்டு வருகிற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "ஏனுங்ண்ணா, மாடு நிறுக்கிற மெஷின் என்ன விலை ஆகுமுங்க? எத்தனை டன் தாங்கும்?" விலையைச் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பேன்: "காலையில பால் கறந்து முடிச்சதும் மாடு எந்தப் பக்கமாப் போகுமுங்க?" எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. நம்பர் மாறிப் போட்டுவிட்டோமோ என்று சிலருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் தராசு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. பனியன் கம்பெனி, மஞ்சள் மண்டி, அரிசி ஆலை, பழைய இரும்புக் கடை என்று எங்கே போனாலும் நிறுக்கிற சரக்கு வைத்த இடத்தில் கிடக்கும். மூட்டைக்குப் பயம் கிடையாது, பின்னங்காலால் உதைக்காது, மேடையில் சாணி போடாது. மாட்டுக்கு இவை எல்லாம் உண்டு. அதனால் என் கணக்கில் மாட்டுத் தராசில் மெஷினுக்குக் கால் பங்கு, அது உட்காருகிற இடத்துக்கு முக்கால் பங்கு. நல்ல கம்பெனி மெஷினைக் காசு கொட்டி வாங்கி, ஆறு மாதத்தில் அது தவிட்டு மூட்டை அடுக்கும் மேடையாகிப் போனதை நிறையப் பண்ணைகளில் பார்த்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது. கொட்டகைக்குப் பின்னால், மாடு ஒரு நாளும் போகாத மூலையில் அதை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மாட்டையும் அவிழ்த்து, இழுத்துப் போய், ஏற்றி, இறக்கி, திரும்பக் கொண்டுவந்து கட்ட எந்தப் பண்ணையாளுக்கு நேரம் இருக்கிறது?

எல்லோருக்கும் தராசு வேண்டியதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். வியாபாரத்துக்கு ஆகாத பேச்சுதான். நாலைந்து மாடு வைத்திருப்பவருக்குத் தையல்கார டேப் போதும். முன்னங்காலுக்கும் திமிலுக்கும் ஒட்டிப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். ஷேஃபர் சூத்திரம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சுற்றளவு 65, நீளம் 55 அங்குலம் என்றால் 352 கிலோ. அதே மாட்டுக்கு டேப்பைக் கொஞ்சம் தளரப் பிடித்து 66 என்று எழுதிவிட்டால் 363 கிலோ. ஓர் அங்குலத்துக்குப் பதினோரு கிலோ. நிறை சினை மாட்டுக்கும் வற்றிப்போன கிழட்டு மாட்டுக்கும் கணக்கு இன்னும் தள்ளிப் போகும். குடற்புழு மருந்துக்கு உத்தேசமாக எடை வேண்டும் என்பவருக்கு இது தாராளம்.

"பக்கத்துலயே லாரி நிறுக்கிற மேடை இருக்குது, அங்க போய்ப் போட்டுக்கிறேன்" என்பவர்களும் உண்டு. 60 டன் மேடைகள் பலவற்றில் 10 கிலோவுக்கு ஒரு படிதான் நகரும். மாட்டோடு ஒரு முறை, வெறும் வண்டியாக ஒரு முறை என்று கழித்துப் பார்க்கும்போது இரண்டிலும் ஒரு படி இப்படி அப்படி ஆனால் 20 கிலோ காற்றில் போய்விடும். 30 கிலோ கன்றுக்குட்டியை அங்கே கொண்டுபோவதில் அர்த்தமே இல்லை.

சந்தைக்காரர்களுக்கு மாட்டுத் தராசு ஆகவே ஆகாது. சித்திரையில் கண்ணபுரத்திலும் ஆடியில் அந்தியூரிலும் கூடுகிற மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். காங்கயம் காளையை வாங்குகிறவர் பல் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கொம்பின் வளைவையும் நடையையும் பார்ப்பார். விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. அங்கே போய்க் கிலோ என்ன விலை என்று கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆட்டுக்கு நிலைமை வேறு. வெள்ளாட்டை உயிர் எடைக்கு விற்பது இப்போது பழகிவிட்டது. கூண்டு வைத்த 200 கிலோ தராசு ஆட்டுப் பண்ணைக்குக் கட்டாயம் என்றே ஆகிவிட்டது. அதை வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆட்டைத் தூக்கியே போட்டுவிடலாம்.

தூக்க முடியாத உயிருக்குத்தான் இவ்வளவு யோசனையும். இருபது முப்பது கறவைகளும் அவற்றின் கிடாரிகளும் இருக்கும் பண்ணையில் எடை தெரிவது பணம். குடற்புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீத மருந்தென்றால் 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி. 400 கிலோ மாட்டைக் கண் பார்வையில் 300 என்று மதிப்பிட்டு ஆறு மில்லி போட்டால், இரண்டு மில்லி மிச்சம் பிடித்தோம் என்று தோன்றும். அரைகுறை மருந்தில் பிழைத்த புழுவுக்கு அடுத்த முறை முழு மருந்தும் எடுபடாமல் போகலாம். கிடாரிக்குச் சினை ஊசி போடும் பருவமும் அப்படித்தான். வயதை வைத்துப் போடாமல், வளர்ந்த மாட்டின் எடையில் அறுபது சதவீதத்தைத் தொட்டதும் போடச் சொல்வார்கள். அதைக் கண்ணால் சொல்லிவிடுவேன் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். சிலர் நிஜமாகவே பக்கத்தில் வந்துவிடுவார்கள். அவர்கள் பண்ணையில் தராசு விற்பது கஷ்டம்.

சரி, மெஷினுக்கு வருவோம். "மாடு நானூறு கிலோதானுங்க, ஐந்நூறு கிலோ மெஷின் போதாதுங்களா?" என்பார்கள். போதாது. மேடைக்கு அடியில் நாலு மூலையிலும் நாலு லோடு செல் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் இரும்புக் கட்டை. அதில் மெல்லிய உலோகப் பின்னல் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பாரம் ஏறும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதோடு பின்னலும் நீண்டு அதன் மின்தடை மாறும். 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்த உத்தி இது. மாடு மேடையில் பூ வைத்த மாதிரி ஏறாது. இரண்டு முன்னங்காலையும் தூக்கி ஒரே மூலையில் தொம்மென்று வைக்கும். அந்த நொடியில் பாரம் மொத்தமும் ஒற்றை லோடு செல்லின் தலையில், நின்றிருக்கும் எடையைவிடக் கூடுதலாக இறங்கும். ஆகவே பெரிய மாட்டுக்கு மூலைக்கு ஒரு டன் தாங்கும் லோடு செல் நாலு போடுவேன். எண் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் 1,500 கிலோ வரை, அரைக் கிலோ படி என்று அமைத்துவிடுவேன்.

அரைக் கிலோ படி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "கோழிக்கடைத் தராசே அஞ்சு கிராம் காட்டுது, இவ்வளவு காசு குடுத்து வாங்கறது அம்பது கிராமாவது காட்ட வேண்டாமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். இருபது லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்த மாடு இருபது கிலோ கூடுதலாக நிற்கிறது. பத்து லிட்டர் கறந்து முடித்த மாடு பத்து கிலோவுக்கு மேல் குறைந்து நிற்கிறது. வயிறு நிறையத் தீவனம் தின்றதற்கும் வெறும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிது. இதற்கு நடுவில் ஐம்பது கிராமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாட்டின் எடையில் துல்லியம் வேண்டுமென்றால் அது மெஷினில் வராது. தினமும் ஒரே வேளையில், கறந்த பிறகு, தண்ணிக்கும் தீவனத்துக்கும் முன்னால் நிறுத்தால்தான் வரும். பாலுக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவில் மாடு நடக்கிற பாதையை நான் போனிலேயே விசாரிப்பது இதற்காகத்தான். அந்தப் பாதையில் தராசு இருந்தால் சரியான வேளை தானாகவே அமைந்துவிடும். யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம்.

இண்டிகேட்டர் வாங்கும்போது ஒன்றே ஒன்றில் கறாராக இருப்பேன். உயிர்ப்பிராணி நிறுக்கும் வசதி, கடைக்காரர்கள் அனிமல் மோடு என்பது, அதில் இருக்க வேண்டும். சாதாரண இண்டிகேட்டரில் மாட்டை ஏற்றினால் எண் 380 என்று காட்டும், மாடு தலையை ஆட்டினால் 412, காலை மாற்றி வைத்தால் 371. கூடவே நிற்பவர் எதை எழுதுவது என்று தெரியாமல் நடுவாக ஒன்றை எழுதிக்கொள்வார். அனிமல் மோடு சில நொடிகளுக்கு வருகிற எண்களையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்து, ஓர் எண்ணில் பூட்டிக் காட்டும். மாடு இறங்கிப் போன பிறகும் அந்த எண் நிற்கும். ஆற அமர எழுதிக்கொள்ளலாம்.

நியூசிலாந்தில் தொடங்கிய கம்பெனிகளான ட்ரூ-டெஸ்ட், கல்லகர் ஆகியவற்றின் லோடு பார்களை இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். நீளமான இரண்டு இரும்புக் கட்டைகள். மாட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பிக் கூண்டுக்கு அடியில் முன்னே ஒன்று பின்னே ஒன்று வைத்துவிட்டால் கூண்டோடு மாட்டை நிறுத்துவிடலாம். அருமையான ஏற்பாடுதான். நம் ஊரில் டிரெவிஸ் என்று சொல்லப்படும் கூண்டு எப்படி இருக்கிறது? நாலு ஜி.ஐ. பைப்பைத் தரையில் புதைத்துக் கான்கிரீட் கொட்டியிருப்பார்கள். அதற்கு அடியில் எதை வைப்பது? லோடு பார் வேண்டுமென்றால் தனியே நிற்கிற கூண்டு முதலில் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் மேடைத் தராசுக்கு வந்துவிடுவார்கள்.

வெளிநாட்டுப் படங்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே மாட்டைப் பின்னாலிருந்து ஓட்டுகிறார்கள். குறுகலான சந்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மாடு தானாக நடந்து வரும். இங்கே முன்னால் ஓர் ஆள் கயிறு பிடித்துப் போக, மாடு பின்னால் வரும். அந்த ஆளும் தராசைக் கடந்துதான் போக வேண்டும். ஆள் மேடையை விட்டு இறங்கும் வரைக்கும் எடை எடை அல்ல. இறங்கிய பிறகும் கயிறு கையில் இருக்கும். மாடு நகராமல் இருக்க அவர் கயிற்றை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பார். அப்போது இண்டிகேட்டரைப் பார்க்கச் சொல்வேன். 386 என்று நின்ற எண் 379-க்கு இறங்கும். கயிற்றை விட்டால் மறுபடியும் 386. ஏழு கிலோ மாடு அவர் கையில் தொங்குகிறது. எத்தனை வாய்ச்சொல் சொன்னாலும் பதியாதது இதை ஒரு முறை கண்ணால் பார்த்ததும் பதிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் கயிற்றைக் கழுத்தின் மேல் போட்டுவிட்டு விலகி நிற்பார்கள்.

கதவுகளிலும் இதே கதைதான். மேடைக்கு முன்னும் பின்னும் ஒரு குறுக்குக் கம்பியோ கதவோ வேண்டும். அதைத் தரையில் நட்ட தூணில் மாட்டினால், மாடு அதன்மேல் சாய்கிற பாரம் தூண் வழியாகத் தரைக்குப் போய்விடும். பக்கக் கம்பி, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் மேடையோடு மேடையாக, மேடையின் மேலேயே நிற்க வேண்டும். மாடு தொடுகிற எதுவும் தரையைத் தொடக் கூடாது. பின்னால் காத்திருக்கும் மாடு முன் மாட்டின் முதுகில் தாடையைச் சாய்த்துக்கொள்ளும். அந்தப் பாரமும் சேர்ந்துவிடும். ஆகவே தராசுக்குப் பின்னால் ஒரு மாட்டு நீளத்துக்கு இடம் விட்டு, தனியாக ஒரு தடுப்புக் கம்பி. உள் அகலம் முக்கால் மீட்டருக்குள் இருந்தால் மாடு திரும்பிக்கொள்ளாது. காங்கயம் மாடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பக்கக் கம்பியைத் தோள் உயரத்தோடு நிறுத்திவிடுவேன். கொம்பு விரிந்த காளை மேல் கம்பியில் மாட்டிக்கொண்டால் தராசையே பெயர்த்தெடுத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாடு ஏறாமல் நிற்கும். உடுமலைப் பக்கம் ஒரு பண்ணையில் அப்படித்தான். நான் மாட்டியது அல்ல, யாரோ மாட்டியது. சாயங்காலம் எல்லா மாடும் ஏறுகிறது, காலையில் ஒன்றுகூட ஏறுவதில்லை. பண்ணையாள் முடிவே கட்டிவிட்டார்: "அதுக்கடியில என்னமோ இருக்குதுங்ண்ணா. மாட்டுக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்." பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, மேடைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நான் காலைக் கறவைக்கே போய், ஓரமாக ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் மாடு வந்தது. மேடைக்கு இரண்டடி முன்னால் நின்று, தலையைத் தாழ்த்தி, மூக்கால் புஸ்ஸென்று ஊதியது. பார்வை தரையில். நானும் தரையைப் பார்த்தேன். கிழக்குப் பக்கக் கம்பிகளின் நிழல் மேடை முழுக்கப் பட்டை பட்டையாக விழுந்து கிடந்தது. எழுந்துபோய் மாட்டின் தலை இருந்த உயரத்துக்குக் குனிந்து பார்த்தால், தரையில் வரிசையாகப் பள்ளம் வெட்டி வைத்த மாதிரிதான் தெரிகிறது. கூடவே முன் கதவில் ஒரு சங்கிலி தொங்கிக் காற்றில் ஆடி மின்னிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் மாடுகளை நடத்தும் கொட்டகைகளை வடிவமைப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஆட்டிசம் உள்ளவர், படங்களாகவே யோசிப்பவர். மாடு போகிற சந்துக்குள் நாமே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பது அவர் விடாமல் சொல்வது. நிழல், தண்ணீர் தேங்கிய பளபளப்பு, தொங்கும் சங்கிலி, சாக்கடை மூடி, கம்பியில் போட்ட துண்டு என்று மாடு எதற்கெல்லாம் நிற்கும் என்று பட்டியலே கொடுத்திருக்கிறார். 2010-ல் அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்கள். அவர் சொல்லும் இன்னொன்று, மாடு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகத் தயங்கும் என்பது. நம் கொட்டகைகளில் இதை நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். தராசுக்கு மேலே கூரை போட்டால், இறங்கிப் போகிற பக்கம் நல்ல வெளிச்சமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

உடுமலையில் கிழக்குப் பக்கக் கம்பிகளில் மூன்றடி உயரத்துக்கு முழுத் தகரம் அடித்தோம். பட்டை நிழல் போய் ஒரே நிழல் ஆனது. சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டோம். பிறகும் இரண்டு கிடாரிகள் முன்னங்காலை வைத்துவிட்டு வெடுக்கென்று பின்வாங்கின. மேடை அடியில் கூடாக இருப்பதால் குளம்பு பட்டதும் டொம்மென்று ஒரு சத்தம். கையால் பால் ஊட்டி வளர்த்த கன்றுக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. மாட்டுக்கு அடியில் விரிக்கும் ரப்பர் பாய் ஒன்றை மேடை அளவுக்கு வெட்டிப் போட்டதும் சத்தம் அடங்கியது. பாய் இன்னொரு வகையிலும் நல்லது. செக்கர்டு தகட்டில் சாணித் தண்ணி பட்டால் மாடு வழுக்கும். ஒரு தரம் வழுக்கிய மாட்டை அந்த மேடையில் ஏற்றுவதற்குள் நமக்கு உயிர் போய் வந்துவிடும். பண்ணையாள் மஞ்சள் குங்குமத்தை மட்டும் அழிக்க விடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழி வெட்டி இறக்குவதா, தரைமேல் வைப்பதா என்பதில் பண்ணைக்காரர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம். குழியில் இறக்கினால் மேடை தரையோடு தரையாக இருக்கும், மாடு படி ஏற வேண்டாம், பார்க்கவும் லட்சணம். சாணி, மூத்திரம், கழுவுகிற தண்ணி எல்லாம் அந்தக் குழியில்தான் போய்ச் சேரும். மழைக்காலத்தில் கிணறாகவே ஆகிவிடும். லோடு செல் ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணியில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். ஐப்பசி முழுக்க மூழ்கிக் கிடக்கலாம் என்று பொருள் இல்லை. சாணி இன்னும் மோசம். மேடைக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, காய்ந்து, இறுகி, கடைசியில் மேடையைத் தாங்கும் ஐந்தாவது கால் ஆகிவிடும். அப்புறம் மாட்டின் எடையில் ஒரு பங்கைச் சாணி வாங்கிக்கொள்ளும். தராசு குறைத்துக் காட்டும். "மாடு இளைச்சுப் போச்சுங்க, டாக்டர வரச் சொல்லியிருக்குது" என்று ஒருவர் சொன்ன பண்ணையில் மேடையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வரட்டியாக ஒரு சட்டி நிறைய. சுரண்டி எடுத்ததும் மாடெல்லாம் அன்றைக்கே தேறிவிட்டன.

என் விருப்பம் தரைமேல் வைப்பதுதான். இரண்டு பக்கமும் சரிவாகக் கான்கிரீட் சாய்தளம், மாட்டு நீளத்துக்குக் குறையாமல். சரிவு குட்டையாக இருந்தால் முன்னங்கால் மேடையிலும் பின்னங்கால் சரிவிலுமாக மாடு நின்றுவிடும். குழிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், அரை அடிக்கு மேல் ஆழம் வேண்டாம், ஒரு பக்கம் முழுக்கத் திறந்து வாய்க்காலோடு சேர்த்துவிடுங்கள், மேடையைத் தூக்க நாலு மூலையிலும் கொக்கி வையுங்கள் என்பேன். சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரே ஒரு ஜல்லிக்கல் சிக்கினால் போதும், மாடு இறங்கிய பிறகும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. இதற்காக என்னைக் கூப்பிடுபவர்கள் அதிகம். போனிலேயே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலு பக்கமும் ஓட்டச் சொல்லிவிடுவேன், பெட்ரோல் மிச்சம்.

கேபிள் விஷயத்தில் எலியை நம்பக் கூடாது. தீவனம் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. லோடு செல் கேபிளை இரும்புப் பைப்புக்குள் விடாவிட்டால் ஒரு வாரம் தாங்காது. நாலு கேபிளும் சேருகிற ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் ஏறினாலும் எண் தானாக ஓட ஆரம்பிக்கும். ஏனென்றால் அதற்குள் வருகிற மின்சாரம் அவ்வளவு சன்னம். நான் சொன்ன நாலு டன் ஏற்பாட்டில், பத்து வோல்ட் கொடுக்கும் இண்டிகேட்டராக இருந்தாலும், மேடையில் ஒரு கிலோ கூடினால் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து மைக்ரோவோல்ட். ஓர் எறும்புக் கூட்டம் உள்ளே குடியேறினால் போதும், மாடு இல்லாமலே எடை காட்டும். வெல்டிங்கும் அப்படித்தான். மேடையில் கதவுக் கீல் விட்டுப்போனது என்று உள்ளூர் வெல்டரைக் கூப்பிட்டு அங்கேயே பற்ற வைத்தால், அந்தக் கரண்ட் லோடு செல் வழியாகத் தரைக்கு ஓடி அதைக் கருக்கிவிடும். லோடு செல்லைக் கழற்றாமல் மேடையில் வெல்டிங் ராடு படவே கூடாது.

மாட்டி முடித்ததும் இருபது கிலோ எடைக்கற்களை ஒரு மூலையில் அடுக்கிப் பார்ப்பேன். அதே கற்களை மற்ற மூன்று மூலைக்கும் மாற்றுவேன். நாலிலும் ஒரே எண் வர வேண்டும். மாடு எந்த மூலையில் நிற்கும் என்று நாம் சொல்ல முடியாதே. எடைக்கல் இல்லாத பண்ணைக்காரர் மாதம் ஒரு முறை தவிட்டு மூட்டையை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம்.

முத்திரை பற்றி ஒரு வார்த்தை. சொந்தப் பண்ணையில் மருந்து அளவுக்கும் வளர்ச்சிக் கணக்குக்கும் மட்டும் நிறுப்பதற்கும், அதே தராசில் நிறுத்து வெளியாளுக்கு விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. எடை போட்டு விற்றால் அது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குள் வந்துவிடும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. ஆட்டை உயிர் எடைக்கு விற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வாங்க வருகிற வியாபாரி மறப்பதில்லை. முத்திரை இல்லாத தராசைக் காட்டியே விலையைக் குறைப்பான்.

இண்டிகேட்டரை எங்கே வைப்பது என்பதுதான் கடைசியில் வரும். பெரும்பாலானவர்கள் மேடையின் தலைப்பக்கத்தில், அழகாக நிமிர்த்தி வைக்கச் சொல்வார்கள். மாட்டின் கண்ணுக்கு நேரே சிவப்பு எண் மின்னுவது மாட்டுக்கு ஆகாது. எழுதுகிறவர் மாட்டின் முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டியும் வரும், மாடு நகராது. மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், உதை படாத உயரத்தில் சுவரில் மாட்டுவேன். மேலே தகரப் பெட்டி, பக்கத்தில் நோட்டுக்கு ஒரு பலகை, கயிற்றில் கட்டிய பேனா. பெட்டிக்குப் பூட்டு வேண்டுமென்று முதலாளிகள் கேட்பார்கள், போட்டுத் தருவேன். சாவியை மட்டும் ஆபீஸ் மேசைக்குள் வைக்காமல் பால் கறக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். காலை ஐந்து மணிக்கு மாட்டோடு அங்கே நிற்கப் போகிறவர் அவர்தான்.